பிறந்த திகதியா, டொக்டர் தந்த திகதியா? — வாசகர் கேள்வி பதில்

இந்த மாதக் கடிதங்களைப் பிரித்து மேசையில் அடுக்கினேன். முழங்கால் நோவும் பிடரி உளைவும் வழக்கம்போல ஒரு கட்டு. மிச்சம் ஐந்து கடிதங்களும் மாதம் முந்திப் பிறந்த பிள்ளைகளைப் பற்றியவை. ஐந்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன். முழங்கால்காரர் கோபிக்க வேண்டாம், அடுத்த மாதம் உங்களுக்குத்தான்.

கேள்வி: அக்கா, எனக்கு 30ஆம் கிழமையிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. யூன் 2ஆம் திகதி. டொக்டர் தந்த திகதி ஓகஸ்ட் 11. பிறக்கும்போது 1 கிலோ 350 கிராம். இப்போது மகனுக்கு எட்டு மாதம். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அதே யூனில்தான் பிறந்தவள், அவள் சப்பாணி கட்டி இருக்கிறாள். இவன் இப்போதுதான் உடம்பு பிரட்டத் தொடங்கியிருக்கிறான். தலகணி முண்டு கொடுத்து இருத்தினால் ஒரு பக்கம் சரிகிறான். "ஏன் பிள்ளை இவன் இன்னும் இருக்கிறானில்லை" என்று மாமி ஒவ்வொரு நாளும் கேட்கிறா. மூளையில் ஏதும் பிழையோ என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. — ஒரு தாய், கோண்டாவில்

பதில்: தங்கச்சி, முதலில் கணக்கைப் பார்ப்போம். பயத்தைப் பிறகு பார்க்கலாம்.

உங்கள் மகன் உலகத்துக்கு வந்தது யூன் 2. ஆனால் அவனுடைய தசைக்கும் நரம்புக்கும் யூன் 2 தெரியாது. அவை ஓகஸ்ட் 11 வரை வயிற்றுக்குள் இருந்து வளர வேண்டியவை. பத்துக் கிழமை முந்தி வெளியே வந்துவிட்டன, அவ்வளவுதான். ஆகவே இருத்தல், தவழ்தல், நடத்தல் என்று எதைப் பார்ப்பதானாலும் ஓகஸ்ட் 11இலிருந்து எண்ணுங்கள். அப்படி எண்ணினால் இவனுக்கு இன்னும் ஆறு மாதம் ஆகவில்லை. ஐந்தே முக்கால். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எட்டு. எட்டு மாதப் பிள்ளையையும் ஐந்தே முக்கால் மாதப் பிள்ளையையும் ஒரே பாயில் விட்டுவிட்டு ஏன் இவன் பிந்துகிறான் என்று கேட்டால் அவன் என்ன செய்வான்?

இந்தக் கழித்தலை இரண்டு வயது வரை செய்யலாம். ஊசிக்கு மட்டும் இது பொருந்தாது. 2, 4, 6 மாத ஊசிகளுக்குப் பிறந்த திகதிதான் கணக்கு. சில தாய்மார் இதிலும் கழித்துவிட்டு ஊசியைப் பிந்திப் போடுகிறார்கள். அது கூடாது.

இன்னொரு எண்ணையும் கையில் வைத்திருங்கள். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில், நிறைமாதத்தில் பிறந்த சுகமான பிள்ளைகள் எப்போது எதைச் செய்கிறார்கள் என்று பார்த்து 2006இல் வெளியிட்டது. முண்டு இல்லாமல் இருத்தல் 3.8 மாதத்துக்கும் 9.2 மாதத்துக்கும் இடையில். தனியே நடத்தல் 8.2க்கும் 17.6க்கும் இடையில். எவ்வளவு அகலம் பாருங்கள்! நிறைமாதப் பிள்ளைகளுக்கே இவ்வளவு இடம் இருக்கிறது. உங்கள் மகன் அந்த இடைவெளியின் நடுவில் நிற்கிறான். ஐந்தே முக்கால் மாதத்தில் உடம்பு பிரட்டுவது பிந்தியதே இல்லை.

சரி, கணக்கு முடிந்தது. இனித் தலகணியை எடுத்துவிடுங்கள். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் பாதி வீட்டில் இந்தப் பிழை நடக்கிறது.

வயிற்றுக்குள் கடைசி இரண்டு மாதம் இடம் காணாது. முழங்கால் வயிற்றோடு ஒட்டும், நாடி நெஞ்சில் முட்டும், கை வாயருகில் கிடக்கும். பிள்ளை உதைத்தால் கருப்பைச் சுவர் திருப்பித் தள்ளும். அந்த நெருக்கத்தில்தான் உடம்பை மடக்கும் தசைகளுக்குப் பழக்கம் வருகிறது. நிறைமாதப் பிள்ளையை மடியில் வாங்கும்போது ஒரு பந்து போலச் சுருண்டிருப்பது அதனால்தான். முப்பதாம் கிழமையில் வந்த பிள்ளைக்கு அந்த நெருக்கம் கிடைக்கவில்லை. தட்டையான மெத்தையில், தளர்ந்த தசையோடு, கையும் காலும் தவளை மாதிரி இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தது. குறைமாதப் பிள்ளைகளின் வார்ட்டில் துணியைச் சுருட்டிப் பிள்ளையைச் சுற்றிக் கூடு கட்டி வைப்பார்களே, கவனித்தீர்களா? கருப்பைச் சுவருக்குப் பதிலாகத்தான் அது.

இப்படி வளரும் பிள்ளைகளுக்கு முதுகுப் பக்கத்துத் தசை முந்திக்கொள்ளும். தோள் பின்னுக்கு இழுபடும். தூக்கினால் வில்லு மாதிரிப் பின்னுக்கு வளையும். இரண்டு கையும் நெஞ்சுக்கு நடுவில் சந்திக்கக் கஷ்டப்படும். இந்தப் பிள்ளையைத் தலகணிக்கு நடுவில் இருத்தினால் என்ன நடக்கும்? ஒன்றில் பின்னுக்குத் தள்ளும், இல்லையென்றால் கூனிச் சரியும். விழாமல் இருப்பதிலேயே கவனம் முழுவதும் போய்விடும், விளையாடக் கை மிஞ்சாது. இருத்தி வைப்பதால் பிள்ளை இருக்கப் பழகுவதில்லை. குப்புறக் கிடந்து, கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கி, பக்கவாட்டில் திரும்பி, அந்த வழியாகத்தான் இருப்பதற்கு வந்து சேரும்.

ஆகவே பாயை விரியுங்கள். நிலத்தில், கட்டிலில் அல்ல. எங்கள் ஓலைப்பாய் நல்ல சாமான். வழுக்காது, அமுங்காது. மேலே ஒரு பருத்திச் சீலையை மடித்துப் போடுங்கள். முதலில் பிள்ளையைப் பக்கவாட்டில் கிடத்தி, முதுகுக்குப் பின்னால் ஒரு துவாயை இறுக்கிச் சுருட்டி வையுங்கள். நிமிர்ந்து கிடக்கும்போது தூக்க முடியாத கை, பக்கவாட்டில் கிடந்தால் தானாகவே முன்னுக்கு விழும். இரண்டு கையும் சந்திக்கும். சந்தித்த கையைப் பிள்ளை பார்க்கும், பிறகு வாய்க்குக் கொண்டுபோகும். அந்த முகத்தை ஒருமுறை குந்தியிருந்து பாருங்கள், ஏதோ புதையல் எடுத்த மாதிரி இருக்கும். ஒரு பக்கம் ஐந்து நிமிடம், பிறகு மற்றப் பக்கம்.

அடுத்தது குப்புறப் படுத்தல். விழித்திருக்கும்போது மட்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், பால் குடித்த கையோடு வேண்டாம். நித்திரைக்கு எப்போதும் மல்லாக்காகத்தான். அந்தத் துவாய்ச் சுருளை நெஞ்சுக்குக் கீழே, கக்கத்தோடு சேர்த்து வைத்தால் கை முன்னுக்கு வரும், தூக்குவது சுகம். அதற்கும் அழுதால் நீங்கள் சாய்கதிரையில் சாய்ந்து உங்கள் நெஞ்சில் குப்புறப் போடுங்கள். தாயின் முகத்தைப் பார்க்கத் தூக்கும் தலைக்கு எந்த விளையாட்டுப் பொருளும் ஈடில்லை. ஒரேயடியாக அரை மணித்தியாலம் வேண்டாம். இரண்டு மூன்று நிமிடமாக, பம்பேர்ஸ் மாற்றும்போதெல்லாம் ஒரு தரம், நாள் முழுக்கச் சேர்ந்து அரை மணித்தியாலம் வந்தால் போதும். கடையில் விலையான சாமான் வாங்கத் தேவையில்லை. மினுங்குகிற சில்வர் கோப்பை ஒன்றைக் கண்ணுக்கு நேரே ஒரு சாண் தள்ளி வையுங்கள். அதில் தெரிகிற தன் முகத்தைப் பிடிக்கத்தான் முதல் தரம் கையை நீட்டுவான்.

மாமியை எதிரியாக்காதீர்கள். பயத்தில்தான் கேட்கிறா. பின்னேரக் குப்புறப் படுத்தலை அவவின் பொறுப்பில் விடுங்கள். பாயில் எதிரே படுத்திருந்து பேரனோடு கதைக்கட்டும். வேலை கையில் வந்தால் கேள்வி குறையும். இது என் அனுபவம்.

முப்பதாம் கிழமைப் பிள்ளைக்குச் செய்ய வேண்டிய கண் விழித்திரைப் பரிசோதனையும் காதுப் பரிசோதனையும் முடிந்தனவா என்று கிளினிக் கொப்பியைத் திறந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளுக்குப் பிள்ளை கை நீட்டாது. ஓகஸ்ட் 11இலிருந்து எண்ணி ஒன்பது மாதம் ஆகியும் முண்டு இல்லாமல் இருக்கவில்லை என்றால் சிறுவர் வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். அதற்கு முன்பே காட்ட வேண்டிய சிலதும் இருக்கின்றன. அவற்றை நெல்லியடித் தம்பிக்கு எழுதிய பதிலில் சொல்லியிருக்கிறேன், அதையும் படித்துவிடுங்கள்.

கேள்வி: என் பேத்தி 33ஆம் கிழமையில் பிறந்தவள். இப்போது பத்து மாதம். மடியில் நிறுத்தினால் காலை ஊன்றி விறைப்பாக நிற்கிறாள், அவ்வளவு பலம். கனடாவில் இருக்கிற என் மகன் வோக்கர் வாங்கச் சொல்லிக் காசு அனுப்பியிருக்கிறான். எந்த மாதிரி வோக்கர் நல்லது? — ஓய்வுபெற்ற தபாலதிபர், சாவகச்சேரி

பதில்: ஐயா, எந்த மாதிரியும் வேண்டாம். உங்கள் மகன் இருக்கிற நாட்டிலேயே அந்தச் சாமான் விற்க முடியாது. சில்லு வைத்த வோக்கரைக் கனடா 2004இல் தடை செய்துவிட்டது. விற்பது, இறக்குமதி செய்வது, விளம்பரம் செய்வது எல்லாம் குற்றம். அவர் அங்கே வாங்கி அனுப்பாமல் காசாக அனுப்பியதற்கு இதுதான் காரணமோ தெரியாது!

முதல் காரணம் ஆபத்து. அதில் ஏறிய பிள்ளை ஒரு செக்கனில் மூன்று அடி போய்விடும். எங்கள் வீடுகளில் விறாந்தைக்கும் முற்றத்துக்கும் நடுவே படி, குசினியில் கொதிக்கிற தேத்தண்ணி. நீங்கள் கதிரையை விட்டு எழும்ப முன்னம் எல்லாம் முடிந்துவிடும். இரண்டாவது, வோக்கர் நடக்கப் பழக்குவதில்லை, பிந்தத்தான் வைக்கும். அதில் தொங்குகிற பிள்ளை கால் விரல் நுனியால் நிலத்தைத் தட்டித் தட்டி ஓடுகிறது. நடப்பதற்கு வேண்டிய சமநிலை அதில் இல்லை.

இனி அந்தப் "பலம்". இதைச் சொல்லும்போது தாத்தாமார் எல்லாருக்கும் முகம் வாடிவிடும், மன்னித்துக்கொள்ளுங்கள். மாதம் முந்திப் பிறந்த பிள்ளைகள் பலருக்கு முதல் வருடத்தில் காலில் ஒரு விறைப்பு இருக்கும். நிறுத்தினால் முழங்கால் பூட்டுப் போட்ட மாதிரி நீளும், விரல் நுனியில் ஏறும். பார்க்கப் பலம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் அந்தக் காலை மடக்கிக் குந்தி எழும்ப அவளால் முடியுமா? முடிகிறதுதான் பலம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த விறைப்பு ஒரு வயதை ஒட்டி மெல்லக் கரைந்துவிடும். அதுவரை மடியில் நிறுத்தி நிறுத்தி அதற்குத் தீனி போடக்கூடாது. வோக்கர் செய்வதும் அதைத்தான்.

நிறைமாதம் என்பது 40 கிழமை, பேத்தி ஏழு கிழமை முந்தியவள். அந்த ஏழு கிழமையைக் கழித்தால் அவளுக்கு எட்டு மாதமும் கொஞ்ச நாளும். உங்கள் இரண்டு காலையும் நீட்டி நிலத்தில் இருந்துகொண்டு, அவளை உங்கள் தொடையில் குதிரை ஏறுவது போல இருத்துங்கள். அவளுடைய பாதம் முழுவதும் நிலத்தில் படட்டும். முன்னால் ஒரு சின்ன முக்காலி, அதன் மேல் ஒரு சாமான். எடுக்க முன்னுக்குச் சரிந்து, பாதத்தில் பாரம் கொடுத்து, கொஞ்சம் எழும்பி, திரும்ப இருப்பாள். இதுதான் நிற்கப் பழக்கம். எப்போது பார்த்தாலும் விரல் நுனியில்தான் நிற்கிறாள், குதிக்கால் நிலத்தில் படவே மாட்டுது, சட்டை மாற்றும்போது தொடையை விரிக்கக் கஷ்டம் என்றால் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையில் காட்டுங்கள்.

மகனுடைய காசுக்கு ஒரு நல்ல பெரிய பாய் வாங்குங்கள். மிச்சத்தை உங்கள் மூட்டுக்கு வைத்திருங்கள், பேத்தியோடு நிலத்தில் இருக்கப் போகிறவர் நீங்கள்தானே.

கேள்வி: மகளுக்கு எட்டாம் மாதத்திலேயே பெண் பிள்ளை பிறந்து, இப்போது வீட்டுக்கு வந்து மூன்று கிழமை. இரண்டு கிலோ வந்துவிட்டது. "ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது" என்று ஊரில் ஒருத்தி வந்து சொல்லிவிட்டுப் போனா. மகள் அன்றிலிருந்து சாப்பிடவில்லை. எண்ணெய் பூசி, கைகால் உருவி முழுக வார்த்தால் உடம்பு தேறும் என்று நான் சொல்கிறேன், மருமகன் மறுக்கிறார். ஏணையில் போடலாமா? — அம்மம்மா ஒருத்தி, காரைநகர்

பதில்: அம்மா, அந்தப் பழமொழியைச் சொன்னவவுக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பியிருப்பீர்கள். இனி வந்தால் இதையும் சேர்த்துக் கொடுங்கள்: தாயின் வயிற்றில் கூட இருக்கும் ஒவ்வொரு கிழமையும் பிள்ளைக்கு நன்மை. எட்டாம் மாதப் பிள்ளை ஏழாம் மாதப் பிள்ளையை விட நல்ல நிலையில்தான் இருக்கும். பழமொழி தலைகீழ்.

என் மகனும் எட்டாம் மாதப் பிள்ளைதான். 1993, மாசி மாதம். யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லாத காலம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் மண்ணெண்ணெய், அந்த வெளிச்சத்தில்தான் வீடு. 1 கிலோ 800 கிராமில் ஒரு பிள்ளை, தொட்டால் எலும்பு. நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடமான பிசியோதெரபிஸ்ட், படித்ததெல்லாம் பயத்தில் மறந்துபோன தாய். என் அம்மா ஒன்றும் படிக்கவில்லை. பிள்ளையின் சட்டையைக் கழற்றி, என் சட்டைக்குள் நெஞ்சோடு நிமிர்த்தி வைத்து, தன் பழைய நூல் சேலையால் இருவரையும் சேர்த்துக் கட்டிவிட்டா. "இஞ்சை கிடக்கட்டும், சூடு போகாது" என்றா. நான் களைத்தால் அவ கட்டிக்கொள்ளுவா. அம்மா விறாந்தையில் பிள்ளையோடு நடக்கிற சத்தம் கேட்டு நான் நித்திரை கொண்ட இரவுகள் அவை.

பிறகுதான் அறிந்தேன், கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல் இன்குபேட்டர் காணாத ஆஸ்பத்திரி ஒன்றில் டொக்டர்கள் இதையே முறையாகத் தொடங்கியிருக்கிறார்கள். கங்காரு முறைப் பராமரிப்பு என்று பெயர். குறைமாதத்திலோ குறைநிறையிலோ பிறந்த பிள்ளைகளை நாளுக்கு எட்டு மணித்தியாலத்திலிருந்து முடிந்தால் இருபத்துநாலு மணித்தியாலமும் இப்படி வைத்திருக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. சூட்டுக்கும் பாலுக்கும் மட்டுமில்லை, கைகாலுக்கும் இது நல்லது. நெஞ்சோடு சேர்த்துக் கட்டும்போது கால் தவளை மாதிரி மடிந்து, கை வாயருகில் வந்து, வயிற்றுக்குள் இருந்த அதே சுருள் திரும்பக் கிடைக்கிறது. இரண்டு கிலோ பிள்ளைக்கு இன்னும் செய்யலாம். மகள் செய்யட்டும், நீங்கள் செய்யுங்கள், மறுக்கிற மருமகனுக்கும் கட்டிவிடுங்கள். தகப்பன் நெஞ்சும் சூடுதான்.

எண்ணெய்க்கு வருகிறேன். மெல்லத் தடவுவதில் பிழையில்லை, பிள்ளை அதை விரும்பும். ஆனால் "உருவுதல்" வேண்டாம். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது, வலது கையையும் இடது காலையும் சேர்த்து இழுப்பது, மூக்கைப் பிடித்து விடுவது, இதெல்லாம் இந்தப் பிள்ளைக்குக் கூடாது. மூக்கிலோ காதிலோ எண்ணெய் விடவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போனால் நியூமோனியா வரும். குளிர் பிடிக்கும் உடம்பு, ஒவ்வொரு நாளும் முழுக வார்க்கத் தேவையில்லை. அலுவலைக் கெதியாக முடித்துத் துடைத்து நெஞ்சில் போட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும் எங்கள் கிழவிகள் சரியாகச் செய்தார்கள். நிலத்தில் காலை நீட்டி இருந்து, பிள்ளையைக் காலில் குப்புறப் போட்டு முதுகுக்குத் தண்ணீர் வார்ப்பார்களே, அப்போது பிள்ளை தலையைத் தூக்கிச் சத்தம் போடும். இன்று நாங்கள் கிளினிக்கில் சொல்லிக்கொடுக்கும் குப்புறப் படுத்தல் அதுதான். உங்கள் பேத்தி கொஞ்சம் தேறட்டும், டொக்டரிடம் கேட்டுக்கொண்டு அதைச் செய்யலாம்.

ஏணை இப்போது வேண்டாம். கழுத்துப் பலம் இல்லாத சின்னப் பிள்ளை ஏணைக்குள் சுருளும்போது நாடி நெஞ்சில் முட்டி மூச்சு அடைபடலாம், சீலைக்குள் இருப்பதால் வெளியே தெரியாது. தட்டையான, உறுதியான மெத்தையில், மல்லாக்காகக் கிடத்துங்கள். தலகணி வேண்டாம்.

மகளைச் சாப்பிடச் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகள் 31ஆம் கிழமையில் பிறந்தவள். ஒன்பது மாதம் நடக்கிறது. எதைக் காட்டினாலும் இடக்கையால்தான் எடுக்கிறாள். வலக்கையைப் பொத்தியே வைத்திருக்கிறாள், பெருவிரல் உள்ளே. எங்கள் அப்பா இடக்கைக்காரர் என்பதால் "பேத்தி தாத்தாவைப் போல" என்று எல்லாரும் சிரிக்கிறார்கள். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தபோது காட்டச் சொன்னா. ஆனால் "குறைமாதப் பிள்ளைதானே, வயதில் இரண்டு மாதத்தைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும், பொறுங்கோ" என்கிறார் படித்த உறவினர் ஒருவர். — ஒரு தகப்பன், நெல்லியடி

பதில்: தம்பி, பொறுக்க வேண்டாம். இந்தக் கிழமையே காட்டுங்கள். குடும்பநல உத்தியோகத்தர் சொன்னதுதான் சரி.

இரண்டு மாதத்தைக் கழித்தால் மகளுக்கு ஏழு மாதம். ஏழு மாதப் பிள்ளை தவழவில்லை, நிற்கவில்லை என்றால் நானும் பொறுங்கோ என்றுதான் சொல்லுவேன். ஆனால் ஒரு கை வேலை செய்து மற்றக் கை செய்யாததற்குக் கழித்தல் கணக்கு செல்லாது. மாதம் முந்திப் பிறந்தால் இரண்டு கையும் சேர்ந்துதான் பிந்த வேண்டும். ஒன்று மட்டும் ஏன் பிந்துகிறது? ஒரு வயதுக்கு முன் பிள்ளைக்கு இடக்கைப் பழக்கமும் இல்லை, வலக்கைப் பழக்கமும் இல்லை. எந்தக் கை கிட்டவோ அந்தக் கையால் எடுக்கும். தாத்தா பாவம், அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நான் இவ்வளவு அவசரமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தாய் 32ஆம் கிழமைப் பிள்ளை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினா. "மிஸ், இவன் இடக்கையை வாய்க்குக் கொண்டுபோறானில்லை" என்றா. அன்று எனக்கு வரிசையில் இருபது பேர். பிள்ளையைப் பாயில் கிடத்தக்கூட இல்லை, தாயின் மடியில் வைத்தே பார்த்துவிட்டு "குறைமாதம்தானே, ஆறு மாதம் கழித்து வாங்கோ" என்று அனுப்பினேன். சொன்னபடி ஆறு மாதம் கழித்து வந்தா. இடக்கை முழங்கையில் மடிந்து, பெருவிரல் உள்ளங்கையில் புதைந்து, இடக்காலையும் இழுத்துக்கொண்டு தவழ்ந்தான் பிள்ளை. மூளை ஒரு புது வழியைக் கெதியாகப் பிடித்துக்கொள்ளும் வயதில் ஆறு மாதத்தை நான் வீணாக்கினேன். அந்தத் தாய் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

அதற்குப் பிறகு வேலையில் இருந்த காலம் முழுக்க, என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பாய் விரித்தே கிடந்தது.

உங்கள் மகளுக்கு என்ன என்று நான் இங்கே பெயர் வைக்கப் போவதில்லை, பார்க்காமல் சொல்லக்கூடாது. பெரிதாக ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். உங்களுக்குப் பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை கிட்ட. அங்கே சிறுவர் வைத்திய நிபுணரிடம் போகலாம், தேவையென்றால் யாழ் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். போகும்போது போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். கிளினிக்கில் அழுகிற பிள்ளை எதையும் செய்து காட்டாது. பாயில் கிடத்தி, ஒரு பொருளை முதலில் வலப்பக்கமும் பிறகு நடுவிலும் காட்டி, எந்தக் கை வருகிறது என்று இரண்டு நிமிடம் எடுத்தால் போதும்.

மற்ற வாசகருக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன். டொக்டர் தந்த திகதியிலிருந்து எண்ணி நாலு மாதம் கடந்தும் கை பொத்தியபடியே இருத்தல், கைகளைப் பிடித்து மெல்ல இழுத்து எழுப்பும்போது தலை பின்னுக்கே தொங்குதல், காலிரண்டும் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிக்கொள்ளுதல், உடம்பு துணி மாதிரித் துவளுதல், பழகிய ஒன்றை மறத்தல். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கணக்குப் பார்க்க வேண்டாம், காட்டுங்கள்.

இன்னும் சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு அருமையான காலம் இருக்கிறது. அதே திகதியிலிருந்து மூன்று மாதம் தொடங்கி ஐந்து மாதத்துக்குள், பிள்ளை பசியும் அழுகையும் இல்லாமல் சும்மா கிடக்கும்போது பாருங்கள். கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் எல்லாம் ஓயாமல் சின்னச் சின்னதாக எல்லாப் பக்கமும் நெளிந்துகொண்டே இருக்கும். பெரிய உதை இல்லை, ஒரு துருதுருப்பு. ஹைன்ஸ் பிரெக்ட்ல் என்ற ஒஸ்திரிய நரம்பியல் மருத்துவர் இதைக் காலம் முழுக்கப் பார்த்து, இந்தத் துருதுருப்பு இருந்தால் பெரும்பாலும் பயமில்லை, இல்லவே இல்லையென்றால் கெதியாகப் பார்க்க வேண்டும் என்று காட்டினார். பம்பேர்சோடு, கைகால் வெளியே தெரிய, மல்லாக்காகக் கிடத்தி, கையில் சாமான் ஒன்றும் கொடுக்காமல், நீங்களும் கதை கொடுக்காமல் மூன்று நிமிட வீடியோ எடுத்து டொக்டரிடம் காட்டலாம். ஊசியில்லை, ஸ்கான் இல்லை, செலவில்லை.

டொக்டரிடம் போகும்வரை வீட்டில் என்ன செய்வது? இடக்கையைக் கட்டி வைக்க வேண்டாம். அப்படி ஒரு சிகிச்சை முறை இருக்கிறதுதான், ஆனால் அதைச் செய்யப் பழகியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பொருளை வலப்பக்கத்திலிருந்து நீட்டுங்கள், வலப்பக்கத்தில் இருந்து கதையுங்கள். பொத்திய கையை விரலைப் பிடித்து இழுத்து விரிக்காதீர்கள், இன்னும் இறுகும். மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக மெல்ல மடக்குங்கள், விரல்கள் தாமாகவே தளரும். அப்போது பெருவிரலை அதன் அடியில் பிடித்து வெளியே எடுத்து, உள்ளங்கையை உங்கள் கன்னத்தில் வைத்துத் தேய்க்க விடுங்கள். முகச்சவரம் செய்யாத கன்னம் என்றால் இன்னும் நல்லது, அந்தச் சொரசொரப்பு கைக்குப் பிடிக்கும்.

போய்க் காட்டிவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: 35ஆம் கிழமையில் பிறந்த என் மகள் தவழவே இல்லை. இருந்தபடியே அரக்கி அரக்கித் திரிந்தாள், பதினாறாம் மாதம் எழும்பி நடந்துவிட்டாள். தவழாத பிள்ளைக்குப் படிப்பு வராது என்கிறார்களே? — ஒரு ஆசிரியை, சுன்னாகம்

பதில்: டீச்சர், மேலே சொன்ன அந்த ஐந்து நாட்டுக் கணக்கில் நிறைமாதப் பிள்ளைகளிலேயே 4.3 சதவீதம் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடந்திருக்கிறார்கள். இரண்டு கையும் இரண்டு காலும் ஒரே மாதிரி வேலை செய்கிறதென்றால் கவலை வேண்டாம். படிப்பு வருமா வராதா என்பதை நீங்கள்தான் எங்களுக்குச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டு எட்டாம் மாதக்காரனும் அரக்கிதான் திரிந்தான், சீமெந்து நிலத்தில். காற்சட்டைக்குப் பின்பக்கத்தில் மாதம் ஒரு ஒட்டுப் போட்டாச்சு. பொருளாதாரத் தடைக் காலம், துணி கிடைக்காது, அம்மாவின் பழைய சட்டைத் துண்டுகள்தான். ஒரு காற்சட்டையில் நாலு நிறம் இருந்தது.